குளிசையை நிறுத்தினால் ஆபத்தும் நின்றுவிடுமா?

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையின் நெல்வயல்களுக்கு நடுவே இருக்கிறது கொக்கட்டிச்சோலை. 2014 ஏப்ரலில் மண்முனைப் பாலம் திறக்கப்படும்வரை, இங்கிருந்து வாவியின் கிழக்குக் கரையான எழுவான்கரைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் 'பாதை' என்று இந்தப் பக்கத்தில் சொல்லப்படும் மிதவையில் ஏறியே வாவியைக் கடந்தார்கள். பாலம் வந்தபின் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை கிட்டவாகிவிட்டது. தூரம் குறைந்தும் குறையாத பயம் ஒன்று இருக்கிறது. பதற்ற நோய்க்கு மருந்து எடுத்துவரும் ஒரு பெண்ணுக்கு நாள் தள்ளிப்போய், வயிற்றில் பிள்ளை என்று உறுதியானதும், வீட்டில் முதலில் எழும் பேச்சு அந்தக் குளிசையைப் பற்றியதாகவே இருக்கும். தாய் சொல்வார், மாமியார் சொல்வார், பக்கத்து வீட்டு அக்கா சொல்வார்: அது பிள்ளைக்குக் கூடாது, நிப்பாட்டிவிடு. சொல்கிறவர்கள் எல்லோரும் அன்பினால்தான் சொல்கிறார்கள். கொழும்பிலும் சென்னையிலும் லண்டனிலும் இதே பேச்சுத்தான் நடக்கிறது. இந்த அறிவுரைக்குள் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது: மருந்தை எடுத்துவிட்டால் கருவுக்கு எந்தத் தீங்கும் மிஞ்சாது என்ற கணக்கு. அந்தக் கணக்கு பிழையானது என்பதே இந்த அத்தியாயத்தின் வாதம். மருந்து விலகிய இடத்தில் நோய் வந்து உட்காருகிறது. கரு அப்போதும் ஒன்றின் தாக்கத்துக்குள்தான் வளர்கிறது. ஆகவே மருந்துள்ள கர்ப்பத்தை ஒன்றுமே இல்லாத கர்ப்பத்தோடு ஒப்பிட முடியாது. கட்டுப்படாத நோயுள்ள கர்ப்பத்தோடுதான் ஒப்பிட வேண்டும்.

முதலில் எதைப் பற்றிப் பேசுகிறோம் என்பதில் தெளிவு வேண்டும். பிள்ளைத்தாய்ச்சிக்கு யோசனை இருப்பது இயல்பு. பிள்ளை துடிக்கிறதா, பிரசவம் சுகமாக நடக்குமா, கூலிவேலை கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்று யோசிக்காத தாய் இல்லை. இந்த யோசனைக்கு மருந்து தேவையில்லை. நோய் என்று மருத்துவம் சொல்வது வேறு. வாரக்கணக்கில், மாதக்கணக்கில் அடங்காத பதற்றம். காரணமே இல்லாமல் நெஞ்சு படபடத்து, மூச்சு அடைத்து, இப்போதே செத்துவிடுவேன் என்ற நிச்சயத்தோடு வந்து போகும் பீதித் தாக்கங்கள். பார்த்த கொடுமைகளைத் திரும்பத் திரும்பக் கண்முன் கொண்டுவரும் நினைவுகள். கதவு பூட்டியதா, கை சுத்தமா என்று நாளையே தின்றுவிடும் எண்ணச் சுழற்சி. தூக்கமும் சாப்பாடும் வேலையும் இதனால் குலைந்துபோனால் அது நோய். 34 நாடுகளில் நடந்த 102 ஆய்வுகளை ஒன்றாக்கி 2017இல் வெளியான ஒரு பகுப்பாய்வு, கர்ப்ப காலத்தில் நூற்றுக்கு 15 பெண்களுக்கு ஏதோ ஒரு பதற்ற நோய் இருப்பதாகக் கணித்தது. கர்ப்பிணித் தாய்மார் சிகிச்சை நிலையத்தின் வாங்கில் இருபது பேர் இருந்தால் அவர்களில் மூன்று பேர் என்று அதை எண்ணிக்கொள்ளலாம். படுவான்கரைக்கு அதற்கு மேலும் காரணங்கள் உண்டு. 1987 ஜனவரியிலும் 1991 ஜூன் 12ஆம் திகதியும் இந்த ஊரிலும் அயலிலும் நடந்த படுகொலைகளைப் பார்த்த தலைமுறையின் பிள்ளைகள்தான் இன்று பிள்ளை பெறும் வயதில் இருக்கிறார்கள். நுண்கடன் தவணை, மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போன உறவுகள், இரவில் வேலியோரம் வந்து நிற்கும் யானை எல்லாம் அதன்மேல் சேர்ந்துகொள்கின்றன.

மருந்தைப் பற்றிய பயம் மூடத்தனத்தில் பிறந்ததல்ல. அதற்கு ஒரு வரலாறு உண்டு. 1957இல் மேற்கு ஜெர்மனியில் தலிடோமைட் என்ற மருந்து விற்பனைக்கு வந்தது. மனதை அமைதிப்படுத்தவும் தூக்கம் வரவழைக்கவும் தரப்பட்ட அந்த மருந்து மசக்கை வாந்திக்கும் நல்லது என்று கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கப்பட்டது. கைகால் வளர்ச்சியற்ற குழந்தைகள் பிறக்கத் தொடங்கின. ஜெர்மனியில் விடுகின்ட் லென்ஸும் அவுஸ்திரேலியாவில் வில்லியம் மக்பிரைடும் எச்சரித்த பிறகு, 1961 நவம்பரில்தான் அது ஜெர்மனியில் திரும்பப் பெறப்பட்டது. அதற்குள் உலகெங்கும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் பாதிக்கப்பட்டுவிட்டார்கள். நச்சுக்கொடி ஒரு மதில், தாய் விழுங்குவது பிள்ளையைத் தொடாது என்று நம்பியிருந்த மருத்துவ உலகம் அன்றோடு அந்த நம்பிக்கையை விட்டது. கர்ப்பிணிகளுக்கு மருந்து எழுதும்போது இன்று இருக்கும் கண்டிப்பு முழுவதும் அந்தக் குழந்தைகள் கொடுத்த விலையில் வந்தது. ஆனால் தலிடோமைட்டிலிருந்து எல்லா மருந்தும் ஆபத்து என்ற முடிவுக்குப் போவது சரியாகாது. அந்த மருந்தைக் கர்ப்பிணிகளில் யாரும் ஒழுங்காகச் சோதித்திருக்கவில்லை. நாம் பேசப்போகும் மருந்துகளோ பல இலட்சம் கர்ப்பங்களில் கண்காணிக்கப்பட்டவை. பயம் அளவாக இருக்க வேண்டுமானால் அது இந்தத் தரவுகளைப் பார்க்க வேண்டும்.

பதற்ற நோய்க்கு இன்று முதலில் எழுதப்படுபவை, மூளையில் செரட்டோனின் மீளுறிஞ்சப்படுவதைத் தடுக்கும் மருந்துகள். செர்ட்ரலின், ஃபுளூஒக்செட்டின், எஸ்சிட்டலோபிராம் இந்த வகை. மனச்சோர்வுக்கும் இவற்றையே கொடுப்பதால் ஆய்வுகளில் இவை மனச்சோர்வு எதிர்ப்பு மருந்துகள் என்ற பெயரில் வரும். இவற்றைப் பற்றி எழுந்த முதல் சந்தேகம் இதயக் குறைபாடு. 2014இல் கிறிஸ்டா ஹைபிரெக்ட்ஸ் குழுவினர் அமெரிக்க அரசின் மெடிகெய்ட் காப்புறுதியில் இருந்த 949,504 கர்ப்பங்களின் பதிவுகளை ஆராய்ந்து நியூ இங்கிலாந்து ஜேர்னல் ஒஃப் மெடிசின் இதழில் வெளியிட்டார்கள். மருந்து எடுக்காத தாய்மாரின் குழந்தைகளில் 10,000 பேருக்கு 72.3 பேருக்கு இதயக் குறைபாடு இருந்தது. முதல் மூன்று மாதத்தில் மனச்சோர்வு எதிர்ப்பு மருந்து எடுத்தவர்களின் குழந்தைகளில் அது 90.1. இந்த இரண்டு எண்களை மட்டும் பார்த்தால் மாமியார் சொன்னது சரி என்று படும். ஆய்வாளர்கள் அங்கே நிற்கவில்லை. மருந்து எடுத்தவர்களும் எடுக்காதவர்களும் ஒரே மாதிரியான பெண்களா என்று கேட்டார்கள். இல்லை. மருந்து எடுத்தவர்களிடையே நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், புகைத்தல், வேறு மருந்துகள், எல்லாவற்றுக்கும் மேலாக அந்த நோய், அதிகம். மனச்சோர்வு உள்ளவர்களை மட்டும் எடுத்து, மற்ற வித்தியாசங்களையும் சரிசெய்து, மருந்து எடுத்தவரை எடுக்காதவரோடு ஒப்பிட்டபோது அந்த இடைவெளி ஏறக்குறைய மறைந்தது. செரட்டோனின் வகை மருந்துகளுக்கு விகிதம் 1.06ஆக நின்றது, அது தற்செயலிலிருந்து பிரித்தறிய முடியாத அளவு. வெள்ளம் வந்த ஊரில் தோணிகள் அதிகம் நிற்கும். தோணிதான் வெள்ளத்தைக் கொண்டுவந்தது என்று எழுவான்கரையிலும் சரி, படுவான்கரையிலும் சரி, யாரும் சொல்வதில்லை.

மதியிறுக்கத்தைப் பற்றிய பயமும் இதே வழியில்தான் சென்றது. மருந்து எடுத்த தாய்மாரின் பிள்ளைகளில் மதியிறுக்கம் அதிகம் என்று பல ஆய்வுகள் காட்டின. 2017இல் சுவீடனின் பதினைந்து இலட்சம் பிறப்புகளை ஆராய்ந்தவர்கள் ஒரு கூர்மையான முறையைக் கையாண்டார்கள். ஒரே தாயின் இரண்டு பிள்ளைகளை, ஒருவர் மருந்துள்ள கர்ப்பத்தில் பிறந்தவர், மற்றவர் மருந்தில்லாத கர்ப்பத்தில் பிறந்தவர், எதிரெதிரே வைத்து ஒப்பிட்டார்கள். தாய் ஒருத்தி, வீடு ஒன்று, பரம்பரையும் பெரும்பாலும் ஒன்று. அப்படி ஒப்பிட்டதும் மதியிறுக்கத்தில் இருந்த வித்தியாசம் போய்விட்டது. ஆனால் குறைமாதப் பிறப்பில் சிறிய அதிகரிப்பு அப்போதும் மிஞ்சியது என்பதையும் அதே மூச்சில் சொல்ல வேண்டும். நல்ல அறிவியல் ஒரு பக்கத்துக்கு மட்டும் சாட்சி சொல்வதில்லை. அதனால்தான் அது சொல்லும் மற்றதை நம்ப முடிகிறது.

மிஞ்சும் தீங்குகளையும் பார்த்துவிடுவோம். கர்ப்பத்தின் பிற்பகுதியில் இந்த மருந்துகளை எடுத்தால், பிறந்த குழந்தையின் நுரையீரல் இரத்தக்குழாய் அழுத்தம் இறங்காமல் நிற்கும் அரிய நிலை சற்று அதிகமாகிறது. ஐந்து நோர்டிக் நாடுகளின் 16 இலட்சம் பிறப்புகளில் 2012இல் கண்டது இது: பொதுவாக ஆயிரத்துக்கு 1.2, மருந்து எடுத்தவர்களில் ஆயிரத்துக்கு 3. இரண்டு மடங்குக்கு மேல் என்று சொன்னால் வயிறு கலங்கும். ஆயிரத்தில் 997 குழந்தைகளுக்கு அது வரவில்லை என்பதும் அதே எண்தான். இரண்டாவது, பிறந்த முதல் நாட்களில் சில குழந்தைகள் நடுக்கம், சிணுங்கல், பால் குடிப்பதில் தயக்கம், வேக மூச்சு ஆகியவற்றோடு இருக்கும். பத்தில் மூன்று குழந்தைகள் வரை இப்படி இருக்கலாம். பெரும்பாலும் சில நாட்களில் தானாக அடங்கும். கவனித்துப் பார்க்க ஆள் இருந்தால் போதும். இலங்கையில் ஏறக்குறைய எல்லாப் பிரசவமும் வைத்தியசாலையில் நடப்பதால் அந்த ஆளும் இருக்கிறார். தாய் மருந்து எடுத்தது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். மறைத்தால்தான் சிக்கல்: நடுங்கும் குழந்தைக்குக் கிருமித்தொற்று என்று நினைத்து ஊசிமேல் ஊசி போடுவார்கள்.

நிறுத்துவதால் என்ன கிடைக்கிறது என்ற கேள்விக்குக் கருவின் நாட்காட்டி ஒரு பதில் வைத்திருக்கிறது. மூளையும் முள்ளந்தண்டு வடமும் ஆகப்போகும் குழாய், கருத்தரித்து ஏறக்குறைய 28ஆம் நாளில் மூடிவிடுகிறது. இதயத்தின் அறைகள் மூன்றாம் வாரத்திலிருந்து எட்டாம் வாரத்துக்குள் உருவாகிவிடுகின்றன. நாள் தள்ளி, சோதித்து, வீட்டில் பேசி, குளிசையை எறியும்போது இந்தக் காலத்தின் பெரும்பகுதி கடந்துபோயிருக்கும். அதன்மேல் ஃபுளூஒக்செட்டின் போன்ற மருந்து, கடைசிக் குளிசைக்குப் பிறகும் வாரக்கணக்கில் உடலில் தங்கும். ஆக, திடீரென நிறுத்தும் பெண் எதைத் தவிர்க்க நினைத்தாளோ அதைப் பெரும்பாலும் தவிர்க்கவில்லை. அவளுக்குக் கிடைப்பது நிறுத்தியதன் விளைவுகள் மட்டும்: தலைச்சுற்று, மின்சாரம் தாக்கியது போன்ற உணர்வு, தூக்கமின்மை, எரிச்சல், பிறகு நோயின் மீள்வருகை. இந்த நாட்காட்டி இன்னொன்றையும் சொல்கிறது. மருந்தை மாற்ற வேண்டுமானால், குறைக்க வேண்டுமானால், அதற்கு உரிய நேரம் கர்ப்பத்துக்கு முன்புதான்.

நோயின் பக்கத்தைத் தராசில் வைப்போம். பதற்றம் உச்சத்தில் நிற்கும் உடலில் கோர்ட்டிசோல் என்ற சுரப்பு மிகுகிறது. நச்சுக்கொடியில் ஒரு நொதி இருக்கிறது. தாயின் கோர்ட்டிசோலில் பெரும்பகுதியைச் செயலற்றதாக்கிய பிறகே அது கருவின் பக்கம் விடுகிறது. கடும் பதற்றமுள்ள தாய்மாரின் நச்சுக்கொடியில் இந்தக் காவல் தளர்ந்திருப்பதைச் சில ஆய்வுகள் காட்டியுள்ளன. சிகிச்சை பெறாத பதற்றம் உள்ளவர்களிடையே குறைமாதப் பிறப்பும் எடை குறைந்த பிறப்பும் கூடுதலாக இருப்பது திரும்பத் திரும்பக் காணப்பட்டிருக்கிறது. இதை வாசிக்கும் எந்தத் தாயும் என் பதற்றத்தால் பிள்ளைக்குக் கேடு செய்துவிட்டேன் என்று எண்ண வேண்டாம். தனியொரு பிள்ளைக்கு இந்தத் தாக்கம் பெரும்பாலும் சிறியது, பெரும்பாலான பிள்ளைகள் சுகமாகவே பிறக்கிறார்கள். சுரப்பும் நொதியும் ஒருபுறம் இருக்க, நோயின் பெரிய கேடு அன்றாடத்தில் நடக்கிறது. பீதி வரும் என்று பயந்து பஸ்ஸில் ஏற மாட்டாள், அதனால் கிளினிக் தவறும். சோறு இறங்காது, வீட்டுக்கு வந்த திரிபோஷா சத்துணவுப் பொதி பிரிக்காமலே கிடக்கும். இரவு முழுக்க விழித்திருப்பாள். பிள்ளை பிறந்ததும் அந்த நிலை பிரசவத்துக்குப் பின்னான மனச்சோர்வாக மாறலாம். வேலூருக்கு அருகே கணியம்பாடி வட்டாரக் கிராமங்களில் 359 பெண்களைத் தொடர்ந்து 2002இல் வெளியான ஆய்வில் அந்தச் சோர்வு நூற்றுக்கு 11 பேருக்குப் புதிதாக வந்தது.

நிறுத்தினால் நோய் திரும்பிவிடுமா என்பதில் ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை, இந்த இடத்தில் கொஞ்சம் நின்று போக வேண்டும். 2006இல் லீ கோஹன் குழுவினர் மனச்சோர்வு நோயிலிருந்து தேறியிருந்த 201 கர்ப்பிணிகளைத் தொடர்ந்தார்கள். மருந்தை நிறுத்தியவர்களில் நூற்றுக்கு 68 பேருக்கு நோய் திரும்பியது. தொடர்ந்தவர்களில் 26 பேருக்கு. ஐந்து வருடம் கழித்து வந்த வேறொரு அமெரிக்க ஆய்வு, 778 பெண்களைப் பார்த்துவிட்டு, நிறுத்தியவர்களுக்கும் தொடர்ந்தவர்களுக்கும் பெரிய வித்தியாசமில்லை என்றது. எது உண்மை? இரண்டும். கோஹன் பார்த்தது சிறப்பு மனநல நிலையங்களுக்கு வரும், நோய் ஆழமாக இருந்த பெண்களை. மற்ற ஆய்வு பார்த்தது பொது மகப்பேற்று நிலையங்களுக்கு வரும் பெண்களை. அங்கும் நான்கு தடவையோ அதற்கு மேலோ நோய் வந்தவர்களுக்கு ஆபத்து கூடவே இருந்தது. நோய் ஒருமுறை, இலேசாக வந்து, நீண்ட காலம் சுகமாக இருப்பவர் மருத்துவர் மேற்பார்வையில் மெல்ல மெல்லக் குறைத்து நிறுத்திப் பார்க்கலாம். பலமுறை வந்தவர், நிறுத்திய ஒவ்வொரு தடவையும் விழுந்தவர், உயிரை மாய்க்க எண்ணியவர் ஆகியோர் நிறுத்துவது வேறு வகை ஆபத்து. இருவருக்கும் ஒரே அறிவுரை சொல்வதுதான் தவறு.

பாதிக் குளிசை எடுப்போம் என்பது வீட்டில் அடிக்கடி எட்டப்படும் சமரசம். கேட்க நியாயமாக இருக்கிறது, ஆனால் எல்லாவற்றிலும் மோசமான தெரிவு பல வேளை இதுதான். நோயை அடக்காத அளவு மருந்து என்றால் பிள்ளைக்கு மருந்தும் போகிறது, நோயும் போகிறது. கர்ப்பத்தில் உடலே மருந்தைக் குறைத்துக்கொண்டும் இருக்கிறது: இரத்தத்தின் அளவு ஏறக்குறைய பாதி கூடுகிறது, சில மருந்துகளை ஈரல் வழக்கத்தைவிட வேகமாக உடைக்கிறது, சிறுநீரகம் கூடுதலாக வடிக்கிறது. ஏழாம் எட்டாம் மாதத்தில் பதற்றம் திரும்புவதற்கு இதுவும் காரணமாகலாம், அப்போது அளவைக் கூட்ட வேண்டியும் வரலாம். கர்ப்பிணிக்கு மருந்தைக் கூட்டுகிறார்களே என்று வீடு திகைக்கும். நோய் அடங்கும் மிகக் குறைந்த அளவு என்பதுதான் விதி. அடங்காத குறைந்த அளவு எந்த விதியிலும் இல்லை.

எந்த மருந்து என்பதும் முக்கியம். இந்த வாதம் மனநல மருந்து எல்லாவற்றுக்கும் கொடுக்கப்படும் நற்சான்று அல்ல. வலிப்புக்கும் மனநிலைச் சீராக்கத்துக்கும் தரப்படும் வல்ப்ரோயேட்டைக் கர்ப்பத்தில் எடுத்தால் நூற்றுக்குப் பத்துக் குழந்தைகளுக்குப் பெரிய உறுப்புக் குறைபாடு வருகிறது. பொதுவாக அது நூற்றுக்கு இரண்டு மூன்று. பத்தில் மூன்று நான்கு பிள்ளைகளுக்கு வளர்ச்சியிலும் கற்றலிலும் குறை வருகிறது. 2018இல் பிரித்தானியா, கர்ப்பத்தடை ஏற்பாடு இல்லாமல் அதைப் பிள்ளை பெறக்கூடிய பெண்களுக்கு எழுதக்கூடாது என்று கட்டுப்படுத்தியது. அங்கே மாமியாரின் பயம் நூற்றுக்கு நூறு சரி, ஆனாலும் தானாக நிறுத்தாமல் அன்றே மருத்துவரிடம் ஓட வேண்டும், ஏனென்றால் வலிப்பும் கொல்லும். செரட்டோனின் வகையிலேயே பரொக்செட்டின் பற்றி 2005இல் எச்சரிக்கை வந்தது. புதிதாகத் தொடங்குபவருக்கு அதைத் தவிர்ப்பது வழக்கம். நரம்பைத் தளர்த்தித் தூங்கவைக்கும் டயசிபாம் போன்றவை பதற்றத்துக்கு உடனே கேட்கும் என்பதால் தாராளமாகப் புழங்குகின்றன. பிரசவத்துக்குக் கிட்ட அவற்றை எடுத்தால் குழந்தை துவண்டு, மூச்சு மந்தமாகிப் பிறக்கலாம், நீண்ட நாள் பழகினால் தாய்க்கு விடுவதும் கடினம். செர்ட்ரலின் முதலில் நினைவுக்கு வருவதற்குக் காரணம், அது நச்சுக்கொடியைக் கடக்கும் அளவும் தாய்ப்பாலில் சேரும் அளவும் குறைவு. ஆனால் ஃபுளூஒக்செட்டினில் வருடக்கணக்காகச் சுகமாக இருப்பவரைக் கர்ப்பம் தெரிந்த பிறகு செர்ட்ரலினுக்கு மாற்றுவது பெரும்பாலும் தேவையில்லாத வேலை. அப்படி மாற்றினால் ஒரு மருந்து இருந்த இடத்தில் இரண்டைப் பிள்ளை பார்க்கிறது.

மருந்தின் தீங்கைப் பற்றிய பயத்தைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு, அதை நான் மதிக்கிறேன். கொலையும் இழப்பும் கடனும் குடிகாரக் கணவனும் கொடுத்த பதற்றத்துக்குக் குளிசை கொடுப்பது என்ன நியாயம்? துன்பத்தின் வேர் சமூகத்தில் இருக்கும்போது பெண்ணின் மூளையைத் திருத்தப் பார்ப்பது சரியா? வேரைப் பற்றிச் சொல்வது உண்மை. இலேசான, நடுத்தரமான பதற்றத்துக்கு முதலில் வர வேண்டியது பேச்சுவழிச் சிகிச்சைதான். அதை நடத்த மனநல நிபுணர்தான் வேண்டும் என்பதும் இல்லை. பாகிஸ்தானின் ராவல்பிண்டியில் பதற்றம் உள்ள 1,200 கர்ப்பிணிகளிடம் நடந்த சோதனையின் முடிவு 2024இல் வெளியானது. மருத்துவ அனுபவமில்லாத பட்டதாரிகள் பயிற்சியும் மேற்பார்வையும் பெற்று, சில அமர்வுகளில் எண்ணங்களைச் சீர்தூக்கப் பழக்கினார்கள். பிரசவத்துக்குப் பிறகு பார்த்தபோது வழக்கமான பராமரிப்புப் பெற்றவர்களில் நூற்றுக்கு 41 பேருக்கு மனச்சோர்வு. அந்த அமர்வுகளையும் பெற்றவர்களில் 12 பேருக்கு. படுவான்கரையில் செய்ய முடியாத எதுவும் அதில் இல்லை. ஆனால் காரணம் சமூகத்தில் இருப்பதால் மருந்து வேண்டாம் என்பது சரியாக வராது. வெயிலில் வேலை வாங்கியதால் வந்த சிறுநீரக நோய்க்கும் சிகிச்சை கொடுக்கிறோம். கடும் நோயில் இருப்பவருக்குப் பேச்சைக் கேட்கும் நிலையே இருக்காது. மருந்து அவரை அந்த நிலைக்குக் கொண்டுவருகிறது. கடன் ஒழியும்வரை, நீதி கிடைக்கும்வரை நோயோடு இரு என்று ஒரு பெண்ணிடம் சொல்ல யாருக்கும் உரிமையில்லை.

எங்கள் அம்மம்மா பத்துப் பெற்றார், என்ன குளிசை எடுத்தார் என்ற கேள்வியும் வரும். பத்துப் பெற்று உயிரோடு இருந்தவர்களைப் பற்றித்தான் பேரப்பிள்ளைகள் பேசுகிறார்கள். 1930களில் இலங்கையில் ஒரு இலட்சம் பிறப்புக்கு 2,000க்கு மேற்பட்ட தாய்மார் இறந்தார்கள். இன்று அது முப்பதைச் சுற்றி நிற்கிறது. மருத்துவமாதுகளும் இலவச வைத்தியசாலைகளும் செய்த சாதனை அது. தெற்காசியாவில் இதற்கு ஈடு சொல்வது கடினம். ஆனால் இரத்தப்போக்கும் கிருமித்தொற்றும் பின்வாங்கிய இடத்தில் வேறொரு மரணம் முன்னுக்குத் தெரிகிறது. கர்ப்பத்திலும் பிரசவத்துக்குப் பின்னும் நிகழும் தற்கொலையை நேரடித் தாய் மரணமாகவே எண்ண வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2012 வகைப்பாடு சொன்னது. அந்த வகைப்பாட்டின்படி அனுராதபுரம் மாவட்ட மரணங்களைத் திரும்ப எண்ணியபோது தற்கொலை முன்வரிசைக்கு வந்துவிட்டது. சிகிச்சையைத் தட்டிவிடும் அறிவுரைகள் எங்கே போய் முடியக்கூடும் என்பதற்கு இதைவிட வேறு எச்சரிக்கை தேவையில்லை.

நமக்குக் கையில் இருப்பதையும் பார்க்க வேண்டும். புதிதாகத் திருமணமானவர்களைத் தகுதியுள்ள குடும்பப் பதிவேட்டில் சேர்த்து, கர்ப்பத்துக்கு முன்பே ஃபோலிக் அமிலம் கொடுக்கும் மருத்துவமாது, உலகின் பல பணக்கார நாடுகளிலும் இல்லாத ஒரு ஏற்பாடு. என்ன குளிசை எடுக்கிறீர்கள் என்று அந்த முதல் சந்திப்பிலேயே அவர் கேட்டால், மருந்தைச் சரிசெய்ய உரிய நேரம் தவறாது. பிரசவத்துக்குப் பின்னான மனச்சோர்வைக் கண்டறிய, பத்துக் கேள்விகள் கொண்ட எடின்பரோ பட்டியல் 1987இல் உருவானது. அதன் தமிழ் வடிவம் வேலூரில் சரிபார்க்கப்பட்டு 2005இல் வெளியானது. அதன் மூன்றாம், நான்காம், ஐந்தாம் கேள்விகள் வீணான தன்குற்றச்சாட்டு, காரணமற்ற கவலை, காரணமற்ற பீதி ஆகியவற்றைப் பற்றியவை. அந்த மூன்றை மட்டும் கர்ப்ப காலத்தில், கூட இருப்பவர்களைச் சற்று வெளியே நிற்கச் சொல்லிவிட்டுக் கேட்க ஐந்து நிமிடம் போதும். கூட இருப்பவர் முன்னால் எந்தப் பெண்ணும் உண்மையைச் சொல்ல மாட்டாள். 2004 சுனாமிக்குப் பிறகு வந்த தேசிய மனநலக் கொள்கை மனநலத்துக்கான மருத்துவ அலுவலர்களை மாவட்டங்களுக்குக் கொண்டுவந்தது. நோய் முற்றியவருக்கு அங்கொடை தேசிய மனநல நிறுவகத்தில் தாயும் சேயும் பிரியாமல் தங்கும் பிரிவு இருக்கிறது. இவற்றுக்கிடையே உள்ள நூல்தான் அறுந்து கிடக்கிறது: மனநலப் பிரிவின் கிளினிக் கொப்பி ஒரு பையில், கர்ப்பிணிப் பதிவு அட்டை இன்னொரு பையில். ஒன்றில் எழுதியது மற்றதில் இருப்பதில்லை. விசர்க் குளிசை எடுக்கிறாள் என்று ஊர் சொல்லும் என்ற பயத்தில் பெண்ணும் சொல்வதில்லை. 2022இன் பொருளாதார நெருக்கடியில் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது, நிறுத்துவதா தொடர்வதா என்ற முடிவையே பலரிடமிருந்து வெறும் அலுமாரி பறித்தது. கர்ப்பிணிகளுக்கு இரும்புச்சத்துக் குளிசை இல்லாமல் போகக்கூடாது என்று எவ்வளவு அக்கறையாகப் பார்க்கிறோமோ, அதே அக்கறை செர்ட்ரலினுக்கும் ஃபுளூஒக்செட்டினுக்கும் வேண்டும்.

ஆகவே பதற்றத்துக்கு மருந்து எடுக்கும் பெண்ணுக்கும் அவர் வீட்டாருக்கும் இதுதான் வேண்டுகோள். பிள்ளை வேண்டும் என்று நினைக்கத் தொடங்கும்போதே மருந்து எழுதிய மருத்துவரிடம் சொல்லுங்கள். எதிர்பாராமல் வந்துவிட்டால் குளிசையை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், பாதியாக்கவும் வேண்டாம். குளிசை அட்டையைக் கையோடு கொண்டுபோய் மருத்துவமாதிடம் காட்டி, மருந்தின் பெயரையும் அளவையும் கர்ப்பிணிப் பதிவு அட்டையில் எழுதச் சொல்லுங்கள். மகிழடித்தீவு வைத்தியசாலையிலோ மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையிலோ மருத்துவரைப் பார்க்கும்வரை வழக்கமான அளவைத் தொடருங்கள். வல்ப்ரோயேட் என்றால் மட்டும் ஒரு நாளும் தாமதிக்காமல் போங்கள். இரவில், யாரும் இல்லாத நேரத்தில், உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றினால் 1926ஐ அழையுங்கள். அது தேசிய மனநல உதவித் தொலைபேசி இலக்கம்; எந்த நேரமும் எடுப்பார்கள்.